சிஇஓவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் பெரிய முதலீட்டாளர் இல்லை. ஏழெட்டு நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கை வந்தால் உட்கார்ந்து படிப்பேன். ஏஜிஎம் என்கிற ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தால் வீடியோவில் கலந்துகொள்வேன், வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் பங்குதாரர் பட்டியலில் ‘இதரர்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்குமே, அந்த வரிக்குள் இருக்கிற ஆள். இந்த மடலை என்னை எழுத வைத்தது ஒரு தண்ணீர் டம்ளர்.

சில வருடங்களுக்கு முன்பு நான் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் ஏஜிஎம். அதன் சிஇஓ, அதாவது தலைமைச் செயல் அதிகாரி, எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர், கையில் குறிப்புத்தாள்கூட இருக்காது. அன்று உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை டம்ளரை எடுத்து வாயை நனைத்துக்கொண்டார். மூன்றாவது கேள்வியிலிருந்து பதில் சொன்னதெல்லாம் நிதிப் பொறுப்பாளர்தான். திரையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி ஊரறியக் கேட்க நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பங்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கெட்ட செய்தி எதுவும் இல்லை, ஆர்டர்கள் நன்றாக இருந்தன, கடன்கூடக் குறைந்திருந்தது. நல்ல பங்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிச் சேர்த்தேன். ஒரு நாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றியது: சிஇஓ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். எக்ஸ்சேஞ்ச், அதாவது பங்குச்சந்தை நிர்வாகம், விளக்கம் கேட்டது. நிறுவனம் இரண்டு வரியில் பதில் போட்டது: ஊகங்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை, அவர் வழக்கம்போல் தன் பணிகளைக் கவனித்து வருகிறார். பதினெட்டு நாள் கழித்து ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ அவர் ராஜினாமா. அன்று பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையில், பூட்டிக்கொண்டது. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை.

அவர் சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷம். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நான் வாங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதமும் எனக்கு விற்றுக்கொண்டிருந்தது யார்?

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் ஆப்பிளுக்குத்தான் போவார்கள். நானும் போகிறேன், ஏனென்றால் எப்படிச் சொல்லக்கூடாது, எப்படிச் சொல்லலாம் இரண்டுமே அந்த ஒரே கம்பெனியில் நடந்திருக்கின்றன. ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது 2003 அக்டோபரில் தெரிந்தது. அறுவை சிகிச்சை 2004 ஜூலை கடைசி நாளில். மறுநாள் ஊழியர்களுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் வழியாகத்தான் பங்குதாரர்களுக்கே விஷயம் வந்தது. இடையில் ஒன்பது மாதம்.

2008 ஜூனில் அவர் மேடை ஏறியபோது ஆள் பாதியாகியிருந்தார். ஏதோ சாதாரணக் கிருமித் தொற்று என்றது நிறுவனம். அந்த அக்டோபர் 3ஆம் தேதி, சிஎன்என் நடத்திய பொதுமக்கள் செய்திப் பகுதியில் யாரோ ஒருவர் ஜாப்ஸுக்கு மாரடைப்பு என்று எழுதிவிட்டார். சுத்தப் பொய். ஆனாலும் பங்கு மளமளவென்று விழுந்து, மறுப்பு வந்த பிறகுதான் எழுந்தது. பொய் எழுதிய ஆளைத் திட்டலாம், தப்பில்லை. ஆனால் அவ்வளவு பெரிய சந்தை அவ்வளவு சின்னப் பொய்யை ஏன் நம்பியது? நான்கு வருடமாக உண்மை அரைகுறையாகவே வந்துகொண்டிருந்ததால்தான்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் உறைக்கிறது. 2009 ஜனவரி 5ஆம் தேதி, எடை குறைந்ததற்குக் காரணம் ஹார்மோன் கோளாறு, சிகிச்சை எளிது என்று ஜாப்ஸ் கடிதம் எழுதினார். பங்கு ஏறியது. 14ஆம் தேதி இன்னொரு கடிதம்: நினைத்ததைவிட விஷயம் சிக்கலானது, ஜூன் கடைசி வரை விடுப்பில் போகிறேன். பங்கு இறங்கியது. முதல் கடிதத்தை நம்பி ஒருவர் வாங்கியிருப்பாரே, அவரை நினைத்துப் பாருங்கள். ஒன்பது நாள்! அந்த விடுப்பில் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது என்பதும் ஜூனில் பத்திரிகையில் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

சரி, அதே கம்பெனியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்ட் 24 அன்று அவர் பதவி விலகினார். அக்டோபர் 5 அன்று காலமானார். உலகமே துக்கம் கொண்டாடிய அடுத்த நாள் ஆப்பிள் பங்கு கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஏன்? அவருக்கு அடுத்து சிஇஓ ஆன டிம் குக்கைச் சந்தை அதற்குள் மூன்று முறை பார்த்திருந்தது. 2004இல் கொஞ்ச நாள், 2009இல் ஆறு மாதம், 2011 ஜனவரியிலிருந்து மறுபடியும். ஒவ்வொரு முறையும் கம்பெனி ஓடியது, பொருள் விற்றது, காலாண்டு முடிவு வந்தது. நோயைப் பற்றிய தகவல் கடைசி வரை மூடுமந்திரமாகவே இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்காரப்போவது யார் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். பங்கைத் தாங்கியது அதுதான் என்பது என் கணிப்பு.

இனி, அன்று பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் சிஇஓவாக இருந்த வாரன் பஃபெட். ஜாப்ஸ் விவகாரம் 2009இல் ஓடிக்கொண்டிருந்தபோது, சிஇஓவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை என்பது முதலீட்டாளர் அறிய வேண்டிய முக்கியமான தகவல் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். சொல்வது எல்லோருக்கும் சுலபம். மூன்று வருடத்தில் அவருக்கே சோதனை வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. 17ஆம் தேதி பங்குதாரர்களுக்குக் கடிதம் போய்விட்டது. அப்போது அவருக்கு 81 வயது. முதல் நிலைதான், ஜூலை நடுவிலிருந்து இரண்டு மாதம் தினமும் கதிர்வீச்சு, அந்தச் சமயம் வெளியூர்ப் பயணம் குறையும், நிலைமை மாறினால் உடனே சொல்கிறேன். அவ்வளவுதான் கடிதம். மறுநாள் பெர்க்ஷயர் பங்கு ஒரு சதவீதத்தைச் சுற்றி இறங்கியது, அத்தோடு பேச்சு அடங்கியது. அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள், ஒரு பக்கம்கூட வராது. உங்கள் வக்கீல்கள் ஆறு வாரம் எடுத்து எழுதும் இரண்டு வரியைவிட அதில் தெம்பு அதிகம்.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘உடல்நிலை அவரவர் சொந்த விஷயம். சிஇஓ என்பதால் அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை ஊர் பார்க்கலாமா?’ கூடாது. முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். எந்த உறுப்பில் என்ன நோய், எத்தனையாவது நிலை, எந்த மருத்துவமனை, இதெல்லாம் எனக்கு வேண்டாம். பஃபெட் சொன்னது அவர் விருப்பம். நான் கேட்பது வேறு. அவரால் முழு நேரம் வேலை பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? அதுவரை முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில்? இந்த மூன்றும் கம்பெனியைப் பற்றிய தகவல்கள். அவருடைய உடம்பைப் பற்றியவை அல்ல.

இதெல்லாம் வெறும் பயமா, நிஜமாகவே சிஇஓ படுத்தால் கம்பெனி படுக்குமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. டென்மார்க்கில் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் கணக்கையும் அவற்றின் தலைவர்கள் மருத்துவமனையில் இருந்த நாட்களையும் சேர்த்துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். தலைவர் பல நாள் மருத்துவமனையில் இருந்தால் லாபம் குறைகிறது. மற்ற மூத்த அதிகாரிகள் அதே மாதிரி படுத்தால் அப்படி ஆவதில்லை. சந்தை பதறுவது சும்மா இல்லை.

சில சமயம் பங்கு ஏறவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2014 மே மாதம் மாரடைப்பில் விழுந்தபோது, அடுத்த வர்த்தக நாளில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் பங்கு ஏறியது. குழுமத்தின் அமைப்பு மாறும், பங்குதாரருக்கு ஏதாவது கிடைக்கும் என்ற கணக்கு. நிறுவனத்தை ஆரம்பித்தவரே திடீரென்று இறந்தால் சராசரியாகப் பங்கு ஏறுகிறது என்று 1985இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கேட்கவே கொடூரமாக இருக்கிறது. ஆனால் உங்களில் நிறுவனர்-சிஇஓக்களுக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

இரண்டு ரயில்-கார் கதைகள். சிஎஸ்எக்ஸ் என்ற அமெரிக்க ரயில் நிறுவனத்துக்கு ஹன்டர் ஹாரிசன் சிஇஓவாக வரக்கூடும் என்ற செய்தி 2017 ஜனவரியில் கசிந்ததும், பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அவர் உடல்நிலை நன்றாக இல்லை என்பது ரகசியம் இல்லை. ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் பத்திரிகையில் வந்தது. மருத்துவ ஆவணங்களை ஒரு மருத்துவர் பார்க்கட்டும் என்று குழு கேட்டது, அவர் தரப்பு மறுத்தது. பழைய வேலையில் விட்டுவந்ததை ஈடுகட்ட 8.4 கோடி டாலர் கொடுக்கப் பங்குதாரர்களே ஜூனில் ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 14 அன்று மருத்துவ விடுப்பு. மறுநாள் பங்கு 7 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 16ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். இந்தக் கதையில் நான் குழுவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தே வாங்கினோம், தெரிந்தே ஓட்டுப் போட்டோம். பேராசையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மருத்துவர் பார்க்கட்டும் என்று கேட்டுவிட்டு, மறுத்ததும் வாயை மூடிக்கொண்டது குழுதான்.

இன்னொன்று ஃபியட் கிரைஸ்லர் கார் நிறுவனம். அதன் சிஇஓ செர்ஜியோ மார்க்கியோனே தோள்பட்டையில் அறுவை செய்துகொண்டார் என்றுதான் நிறுவனம் சொல்லியிருந்தது. 2018 ஜூலை 21, சனிக்கிழமை, அவசரக் கூட்டம் போட்டு வேறு ஆளை நியமித்தார்கள். அவரால் இனி திரும்ப முடியாது என்றார்கள். 25ஆம் தேதி மறைந்தார். மறுநாள் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனை ஓர் அறிக்கை விட்டது: கடுமையான நோய்க்கு ஒரு வருடத்துக்கும் மேலாக இங்கே சிகிச்சை பெற்றுவந்தார். நிறுவனமோ எங்களுக்கு அது தெரியாது என்றது. பதினான்கு வருடம் உங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவர் ஒரு வருடமாக வேறு நாட்டு மருத்துவமனைக்குப் போய்வருகிறார், உங்களில் ஒருவருக்கும் தெரியாது! அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாக இருந்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

விமானத்துறையில் ஒன்று. யுனைடெட் நிறுவனத்தில் ஆஸ்கர் முன்யோஸ் 2015 செப்டம்பரில் சிஇஓவாகப் பொறுப்பேற்றார், அக்டோபர் 15 அன்று மாரடைப்பு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று மட்டும் நிறுவனம் சொன்னது. மாரடைப்பு என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் சொல்லின. தற்காலிக சிஇஓவின் பெயர் வர 19ஆம் தேதி ஆனது. இதோடு மெக்டொனால்ட்ஸை வைத்துப் பாருங்கள். 2004 ஏப்ரல் 19 அன்று அதன் சிஇஓ ஜிம் கான்டலூப்போ ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். சில மணி நேரத்தில் குழு கூடி சார்லி பெல்லை நியமித்துவிட்டது. பங்கு கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். விதியைப் பாருங்கள், அடுத்த மாதமே பெல்லுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவர் விலகியதும் ஜிம் ஸ்கின்னர் வந்தார். ஒரே வருடத்தில் மூன்று சிஇஓ, கம்பெனி குலையவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள், இதற்கெல்லாம் முன்பே உட்கார்ந்து அடுத்தடுத்து யார் என்று எழுதிவைத்திருக்க வேண்டும். உங்களிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா? ஆண்டறிக்கையில் ‘வாரிசுத் திட்டம் நடைமுறையில் உள்ளது’ என்று ஒரு வரி போடுகிறீர்களே, அந்த வரியைக் கேட்கவில்லை. பெயர் எழுதிய தாள்.

‘சொன்னால் பங்கு விழும்’ என்ற பயமும் எனக்குப் புரிகிறது. விழத்தான் செய்யும். பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கித் தலைவர் அன்டோனியோ ஹோர்ட்டா-ஒசோரியோ 2011 நவம்பரில் தூக்கமில்லாமல் களைத்துப்போய் விடுப்பில் போனார். வங்கி அதை அறிவித்த நாளில் பங்கு 4 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஜனவரியில் திரும்பி வந்தார். 2021 வரை அதே நாற்காலியில் இருந்தார். அன்றைக்கு விழுந்தபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். நான் பங்கு வைத்திருந்த கம்பெனியில் அது இரண்டு மாதமாக, தெரிந்தவர்களுக்கு ஒரு விலையிலும் தெரியாதவர்களுக்கு இன்னொரு விலையிலும் விழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் சிஇஓ விலகினால் நான்கு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; நோய்வாய்ப்பட்டால் தெரிவி என்று தனியாக விதி கிடையாது, முக்கியமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்தியாவில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது: நிர்வாக இயக்குநரோ (எம்டி) சிஇஓவோ 90 நாளில் 45 நாளுக்கு மேல் தன் பொறுப்பை வழக்கம்போல் கவனிக்க முடியாமல் போனால், காரணத்தோடு எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல வேண்டும். எழுத்தில் ஒரு விதியாவது இருக்கிறதே என்று பாராட்டலாம். ஆனால் 45 நாள்! ஒரு காலாண்டில் பாதி. வாட்ஸ்அப்புக்கு 45 நிமிடம் போதும். அதுவும் அந்த விதி நீங்கள் தாண்டக்கூடாத கடைசிக் கோடு. அந்தக் கோடு வரை பேசாமல் இருக்கச் சொல்லி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் சட்டத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். சிஇஓவின் உடல்நிலை வேலையைப் பாதிக்கிறது என்று குழுவில் ஒருவருக்குத் தெரிந்த அந்த மணி நேரமே டிரேடிங் விண்டோவை மூடுங்கள், அதாவது உள்விவரம் தெரிந்தவர்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ தடை போடுங்கள். சிஇஓவின் உதவியாளர், ஓட்டுநர், குடும்பத்தார், கம்பெனி செக்ரட்டரி என்று விஷயம் தெரிந்தவர்களின் வட்டம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிது. அப்புறம், வருடத்துக்கு ஒரு முறை குழு நியமிக்கும் மருத்துவர் ஒருவர் சிஇஓவைப் பார்க்கட்டும். அவர் உங்களுக்குத் தர வேண்டியது ஒரே வரி: பொறுப்பைச் சுமக்கத் தகுதி உண்டு, அல்லது இப்போதைக்கு இல்லை. நோயின் பெயர் அந்த அறையைத் தாண்ட வேண்டியதில்லை. சிஇஓ வேலைக்கு ஒப்பந்தம் போடும்போதே இதையும் எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் ஹாரிசன் கதைதான்.

அடுத்த நிலையில் இருப்பவர்களை எங்களுக்குக் காட்டுங்கள். காலாண்டு முடிவு பற்றி முதலீட்டாளர்களோடு பேசும் அழைப்பில் எப்போதும் ஒரே குரல்தான். சிஇஓ நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே அவரை இரண்டு வாரம் விடுமுறைக்கு அனுப்பி, இன்னார் பார்த்துக்கொள்கிறார் என்று அறிவித்துப் பாருங்கள். பங்கு அசைகிறதா என்று கவனியுங்கள். அசைந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது.

‘தனிப்பட்ட காரணங்கள்’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மகள் கல்யாணமும் தனிப்பட்ட காரணம், கணக்கில் கோளாறும் தனிப்பட்ட காரணம், புற்றுநோயும் தனிப்பட்ட காரணம் என்றால் நாங்கள் எதை நினைத்துக்கொள்வது? சந்தை எப்போதும் இருப்பதிலேயே மோசமானதைத்தான் நினைத்துக்கொள்ளும். உடல்நிலை காரணமாக என்று இரண்டே சொல்லில் எழுதினால், குறைந்தபட்சம் கணக்குப் புத்தகத்தின்மீது சந்தேகம் விழாது. நோயாளிக்கும் அது மரியாதை.

அடுத்த ஏஜிஎம் சீசன் வருகிறது. நான் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரே கேள்வியோடு பேசுபவர் வரிசையில் பெயர் கொடுக்கப்போகிறேன்: நாளைக் காலை உங்கள் சிஇஓவால் எழுந்து வர முடியவில்லை என்றால், பத்து மணிக்கு யார் கையெழுத்துப் போடுவார்? போன தடவை டம்ளரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். கேள்வியை இப்போதே தந்துவிட்டேன், பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
‘இதரர்’ வரியிலிருந்து ஒரு பங்குதாரர்